தண்ணீரில் பெயரைப் போட்டவர்

இலங்கைத் தீவிலேயே பெயர் இல்லாமல் வாழ்ந்த ஒரே மனிதர் கண்டியில்தான் இருந்தார். பெயர் தெரியாதவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அது வேறு விஷயம். இவருக்குப் பெயர் இருந்தது. நல்ல பெயர் என்றும் கேள்வி. அதைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டுவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிட உட்கார்ந்தவர் அவர். நான் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவன் என்பதால் இதைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். பத்தி எழுதுகிறவனுக்கு அது பழக்கதோஷம்.

அம்பிட்டிய போகிற ஏற்றத்தில் அவர் வீடு. காலையில் வாவிப் பக்கமிருந்து மூட்டம் மெல்ல ஏறிவந்து, முதலில் கேட்டை மறைக்கும், பிறகு கேட்டில் படர்ந்த போகன்வில்லாவை மறைக்கும், பிறகு என் மாடிப்படியையும் மறைத்துவிடும். அப்படியொரு மூட்டத்தில்தான் நான் பெட்டியோடு குடிவந்தேன். கேட்டில் பித்தளையில் ஒரு பெயர்ப்பலகை இருந்ததாம். போகன்வில்லாவுக்குள் அது புதைந்துகிடந்ததால் நான் பார்க்கவில்லை. தெருவில் எல்லோரும் அவரைத் திரைக்காரர் என்றார்கள். நான் அண்ணன் என்றேன். அவர் மனைவி பவளம் அக்கா "இந்தாங்க" என்றார். பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் பெயர் போய்விட்டது.

டவுனில் ஒரு புடவைக் கடையில் புடவை காட்டுவதுதான் அவர் தொழில். விற்பது அல்ல. விற்பது முதலாளியின் வேலை என்று திட்டவட்டமாகச் சொல்லிவிடுவார். முதலில் சாதாரணப் புடவைகளை வளவளவென்று பேசிக்கொண்டே விரிப்பார். பிறகு பேச்சு குறையும். பிறகு நின்றுவிடும். அடுக்கின் அடியில் கைவிட்டு ஒன்றை உருவி, ஒரே வீச்சில் மேசை முழுக்க விரித்துவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொள்வார். பார்க்க வந்த பெண்கள் விலை கேட்க மறந்துபோவார்கள். சிலர் வாங்க வந்ததையே மறந்து, மனம் நிறைந்து, வெறுங்கையோடு பஸ் ஏறிவிடுவார்கள். "என் கடையில வந்து சாமி கும்பிட்டுட்டுப் போயிடுதுங்கய்யா" என்று முதலாளி என்னிடம் புலம்பியிருக்கிறார். வேலையை விட்டு நிறுத்த வேண்டியதுதானே என்றால், "அது எப்படி? எனக்கும் பாக்கணுமில்ல" என்பார்.

சாயந்தரமானால் எங்கள் ஒழுங்கையிலிருந்த சின்ன அம்மன் கோயிலில் திரை இழுப்பார். உள்ளே குருக்கள் அலங்காரம் முடிக்கும்வரை சந்நிதியை மறைத்துத் திரை தொங்குமல்லவா, அதன் கயிறு இவர் கையில். மணி அடித்தால் இழுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். இவர் மணியைச் சட்டை செய்யமாட்டார். கூட்டத்தில் பேச்சு அடங்கி, இருமல் அடங்கி, சனம் மூச்சை இழுத்துப் பிடித்த பிறகுதான் கயிற்றை அசைப்பார். ஒருமுறை ரொம்ப நேரம் பிடித்துவைத்துவிட்டார். உள்ளே கற்பூரத் தட்டை ஏந்தி நின்ற குருக்கள் கெஞ்சினார்.

"கை சுடுதுய்யா. திறங்க."

"கொஞ்சம் பொறுங்க சாமி. அங்க ஒரு அம்மா இன்னும் போனைப் பைக்குள்ள வைக்கல."

இந்த மனிதர் வாழ்க்கையில்தான் ஒரு கிரேக்கத்து ஆசிரியை குறுக்கிட்டார். ஏதென்ஸ் பக்கத்துக்காரர். கண்டி மழைக்கு ஒதுங்கிப் புடவைக் கடைக்குள் வந்தவருக்கு, மழை விடும்வரை இவர் காட்டியிருக்கிறார். கடைசிப் புடவை விரிந்ததும் அந்தப் பெண் நெஞ்சில் கைவைத்து ஒரு சொல் சொன்னாராம். இவருக்கு விளங்கவில்லை. சாயந்தரம் கோயிலுக்குக் கூட்டிவந்து திரைக்கு முன்னால் நிறுத்தினார். திரை விலகியதும் அவர் அதே சொல்லை மறுபடி சொல்லியிருக்கிறார். ஹியரோஃபாந்திஸ். நம்மவர் அதை இரவெல்லாம் வாய்க்குள் உருட்டி, காலையில் இரோபாந்தர் என்று ஆக்கிக்கொண்டு எழுந்தார். பதவிக்கு 'அர்' விகுதி போட்டால்தான் மரியாதை என்பது அவர் கட்சி.

அன்று மூட்டம் படியேறி வருகிற நேரத்தில் என் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து, அந்த ஆசிரியையிடம் கேட்டுவைத்திருந்த பட்டத்தின் பூர்வீகத்தைச் சொன்னார்.

"எலியூசிஸ்னு ஒரு ஊரு தம்பி. ஏதென்ஸ்ல இருந்து ஊர்வலமா நடந்தே போவாங்களாம். அங்க தானியத்துக்கு ஒரு அம்மன். டிமீட்டர்னு பேரு. அந்த அம்மனோட மகளைப் பாதாளத்துல இருக்கிறவன் தூக்கிட்டுப் போயிட்டான். ஆத்தா அழுத அழுகையில ஒரு புல்லு முளைக்கல. மகள் மேல வந்தப்புறம்தான் திரும்பப் பச்சை. அதுக்காக வருசா வருசம் திருவிழா. சனம் இருட்டுல நிக்கும். அப்ப இவரு கதவைத் திறப்பாரு. உள்ள இருந்து வெளிச்சம் அப்படியே கொட்டும். அதுல ஒண்ணு காட்டுவாரு."

"என்னத்தை?"

"அதைச் சொல்லக்கூடாது. சொன்னா தலை போயிடும்."

நான் பயந்து அவர் தலையைப் பார்த்தேன்.

"என் தலை இல்ல தம்பி. அந்தக் காலத்துல, அங்க."

ஹியரோஸ் என்றால் புனிதம். ஃபைனோ என்றால் காட்டுவது, வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. இரண்டும் சேர்ந்து, புனிதமானதைக் காட்டுகிறவர். ஒரே வம்சத்துக்கு உரிய பதவி, ஒருமுறை ஏறினால் ஆயுள்வரைக்கும் இறக்கம் இல்லை. அந்த வம்சத்தின் பெயருக்கே நல்ல பாட்டுக்காரர்கள் என்று பொருளாம். குரல் கணீரென்று இருக்க வேண்டுமாம். இந்தக் குரல் விஷயத்தை மட்டும் அவர் விறுவிறுவென்று கடந்துபோனார். அவர் வாயைத் திறந்தால் பழைய மரக் கதிரையை இழுக்கிற சத்தம்தான் வரும்.

"பின்னால ஒருத்தன் எழுதிவச்சிட்டானாம் தம்பி, காட்டினது ஒரு கதிருதான்னு. அறுத்த கோதுமைக் கதிர் ஒண்ணு. சத்தமே இல்லாம காட்டினாங்களாம்." இதைச் சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிட்டது. "நினைச்சுப் பாரு. ராத்திரி முழுக்க இருட்டுல நின்னு, கடைசில ஒரு கதிர். அதைப் பாத்தவங்களுக்குச் சாவுப் பயம் போயிருச்சாம்."

மூட்டத்துக்குள் எங்கோ பஸ் ஒன்று இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொண்ணு இருக்கு" என்றார். "பதவிக்கு வந்துட்டா அவரு பேரை யாரும் சொல்லக்கூடாது. பட்டம் மட்டும்தான். பழைய பேரைக் கடல்ல விட்டுடுவாங்களாம்."

"இதுல என்னண்ணே புதுசு? அக்கா என்னைக்கு உங்க பேரைச் சொல்லியிருக்காங்க?"

"அதான் நானும் யோசிச்சேன். வீட்டுல பாதி வேலை முன்னமே முடிஞ்சிருச்சு." பிறகு கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கல்யாணமான புதுசுல ஒரேயொரு தடவை சொல்லுன்னு கெஞ்சியிருக்கேன் தம்பி. புருசன் பேரைச் சொன்னா அவன் ஆயுசு குறையும்னு அவங்க வீட்டுல சொல்லி வளத்திருக்காங்க. மாட்டேன்னுட்டா."

மறுநாள் போகன்வில்லாவை விலக்கி, பித்தளைப் பலகையைக் கழற்றினார். கடலுக்குப் போகலாம் என்றால் கொழும்பு ரோட்டில் கடுகண்ணாவை மலை வளைவில் அவருக்கு வாந்தி வரும். கண்டி வாவியில் போடலாம் என்றால் பொலிஸ் பிடிக்கும், போதாததற்கு மீனுக்குப் பொரி போடுகிற சனம் வேடிக்கை பார்க்கும். கடைசியில் தெல்தெனிய பஸ்ஸில் ஏறி, விக்டோரியா நீர்த்தேக்கத்தில் போட்டுவிட்டு வந்தார். அதில் ஒரு கணக்கு இருந்தது. நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீருக்குள் போன பழைய தெல்தெனியதான் அவர் பிறந்த ஊர். அவருடைய அப்பாவின் துணிக்கடை அங்கேதான் இருந்தது. "பேரு வச்ச ஊருலயே பேரை விட்டுட்டு வந்துட்டேன்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா, "சரி, கையைக் கழுவிட்டு வாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தவற்றை எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் உறையில் என்ன எழுதுவது என்று வாசலில் நின்று திணறுவார்கள். கையெழுத்துப் போடச் சொன்னால் திரை மாதிரி ஒரு கோடும் அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் போடுவார். அடையாள அட்டையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கைப்பேசியைத் தொடவேமாட்டார், அழைத்தால் அந்தப் பக்கம் பெயர் தெரியுமாம். பக்கத்துக் கடைச் சிங்களவர்கள் ஹீரோ மஹத்தயா, அதாவது ஹீரோ ஐயா, என்று சுருக்கிக்கொண்டார்கள். அதை அவர் ஆட்சேபிக்கவில்லை.

ஒருநாள் எங்கள் ஒழுங்கை ட்யூஷன் மாஸ்டர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, உங்க பட்டத்துக்கு இப்ப வேற அர்த்தம் ஓடுது. மறைபொருளை விளக்கிச் சொல்ற யாரையும் அப்படிச் சொல்லலாமாம். குறி சொல்ற சீட்டுக்கட்டுல கூட ஒரு சீட்டுக்கு இந்தப் பேருதான். இங்க பாருங்க, கிரீடமெல்லாம் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு." இரோபாந்தர் அந்தப் படத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. "காட்டுறவன் வேற, விளக்குறவன் வேற மாஸ்டர். விளக்குறதுக்கு நீங்க இருக்கீங்க. நான் திறந்துட்டு ஒதுங்கிக்கிறவன்."

கோயிலில் அர்ச்சனை பெரிய சங்கடமானது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே பேச்சுத்தான்.

"பேரு, நட்சத்திரம்?" என்பார் குருக்கள்.

"ரோகிணி" என்பார் அக்கா.

"நட்சத்திரம் சரிம்மா. பேரு?"

"அவுங்களுக்குத்தான்."

குருக்கள் பெருமூச்சு விட்டு, பெயர் வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் இழுத்துப் பாடி ஒப்பேற்றிவிடுவார்.

இப்படி அவர் வாழ்க்கை பெயரில்லாமல் அமோகமாக ஓடிக்கொண்டிருந்தபோது, அவருக்கு ஒரே ஒரு ஆசை மிச்சமிருந்தது. ஆடிக் கடைசி வெள்ளியன்று அம்மன் கையில் வேறு அலங்காரம் எதுவும் இல்லாமல் ஒரேயொரு நெற்கதிர் வைக்க வேண்டும். மணி, மேளம் எதுவும் இல்லாமல், சத்தமில்லாமல் திரையைத் திறக்க வேண்டும். இதைக் குருக்களிடமும் கோயில் சபையிடமும் கேட்டுக் கேட்டு, ஒருவழியாகச் சம்மதம் வாங்கினார். "ஒரு தடவைதான். அடுத்த வருசம் பழையபடி மேளம்" என்று சபைத் தலைவர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அந்த நாளைக் கனவு கண்டுகொண்டு அவர் கடையில் புடவைகளைத் தப்புத் தப்பாக மடித்தார்.

அந்த வெள்ளி காலை, கதிர் எடுத்துவருகிறேன் என்று கடைப் பையோடு தெல்தெனிய பக்கம் போனார். மத்தியானம் திரும்பவில்லை. மூன்று மணிக்குப் பிறகு புடவைக் கடை முதலாளி எனக்குப் போன் பண்ணினார்.

"தம்பி, உங்க வீட்டுக்காரரு கண்டி ஆஸ்பத்திரில கிடக்காரு. பையில நம்ம கடை நம்பரைப் பாத்துக் கூப்பிட்டாங்க. பேரு சொல்லாத ஆளு, கையில ஒரு நெல்லுக் கதிர்னாங்க. வேற யாரு இருக்க முடியும்?"

நடந்தது இதுதான். அந்த வருடம் வறட்சி. விக்டோரியாவில் தண்ணீர் வற்றி, பழைய தெல்தெனியவின் அத்திவாரங்கள் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தன. கதிரோடு திரும்பியவர் பஸ் ஜன்னலில் அதைப் பார்த்துவிட்டார். ஊர் மேலே வந்துவிட்டது என்றால் பெயரும் மேலே வந்திருக்கும் என்று பதறி இறங்கி, வெடித்த சேற்றில் நடந்து பலகையைத் தேடியிருக்கிறார். பலகை கிடைக்கவில்லை. அப்பாவின் கடைப்படி கிடைத்திருக்கிறது. அதில் உட்கார்ந்தவர், வெயிலில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார். வேடிக்கை பார்க்க வந்த சனம் தூக்கி த்ரீவீலில் போட்டிருக்கிறது.

நானும் அக்காவும் வார்டுக்குப் போனபோது, சேலைன் ஏறிக்கொண்டிருக்க, நெற்கதிரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் முழித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் யாழ்ப்பாணத்து இளம் டாக்டர் ஒருவர். முகத்தில் கவலை.

"நீங்கள் ஐயாவின்ர ஆக்களோ? உடம்புக்கு இப்ப பிரச்சினை இல்லை. தலைதான் யோசினையாக் கிடக்கு. விழேக்க அடிபட்டிருக்கலாம். நீங்களே கேளுங்கோ." டாக்டர் அவர் பக்கம் குனிந்தார். "ஐயா, இது என்ன இடம்?"

"ஆஸ்பத்திரி."

"இண்டைக்கு என்ன நாள்?"

"ஆடிக் கடைசி வெள்ளி. ஆறு மணிக்கு நான் திரை இழுக்கணும் டாக்டர்."

"உங்கட பேர் என்ன?"

"அது விக்டோரியால கிடக்கு. காலைல தேடினேன், அகப்படல."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இப்பிடித்தான் வந்த நேரம் தொடக்கம். நீங்கள் ஆர்?"

"வாடகைக்கு இருக்கிறவன்."

"இவற்ற பேர் தெரியுமோ?"

"இரோபாந்தர்" என்றேன். டாக்டர் என்னையும் ஒருதரம் மேலிருந்து கீழாகப் பார்த்தார். நான் கிரேக்கத்திலிருந்து விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மா, நீங்கள் ஐயாவின்ர மனிசிதானே? இவற்ற பேரைச் சொல்லுங்கோ."

அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, "அவுங்கதான் டாக்டர்" என்றார்.

"ஓம், அவர்தான். பேர்?"

"ரோகிணி நட்சத்திரம்."

அந்த டாக்டர் பொறுமைசாலி. கதிரையை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரவைத்து, நிதானமாகச் சொன்னார். "அவர் தன்ர வாயால சொல்லாட்டிலும் பரவாயில்லை. நீங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. தன்ர பேருக்குத் திரும்பினார் எண்டால் நான் இப்பவே விடுறன். இல்லையெண்டால் இண்டைக்கு இங்கதான். நாளைக்குத் தலையை ஸ்கேன் எடுத்துப் பாப்பம்."

நாளைக்கு என்றதும் இரோபாந்தர் கண்ணை மூடிக்கொண்டார். கதிரின் ஒரு மணி உதிர்ந்து போர்வையில் விழுந்தது. பெயரைச் சொல்லிவிட்டு எழுந்துபோகலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் சொல்லிவிட்டால் திரை இழுக்கப் போகிறவர் இரோபாந்தர் அல்ல, வேறு யாரோ. அது அவர் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அக்கா என்னைத் தனியே இழுத்தார். "தம்பி, சொன்னா அவுங்க ஆயுசுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல? ஆஸ்பத்திரில வேற வச்சுச் சொல்றேன்."

எனக்கு என்ன தெரியும்? "ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன்.

அக்கா கட்டிலருகே போனார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது. பக்கத்துக் கட்டில்காரர், தாதி, டாக்டர், நான், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கோயிலில் திரை விலகுவதற்கு முன்னால் அவர் எங்களை நிற்கவைப்பாரே, அந்த மாதிரி. பிறகு அக்கா சொன்னார். மெதுவாக, முழுப் பெயரையும், ஒரு எழுத்துக்கூட விடாமல். இத்தனை காலம் உள்ளே பத்திரமாக வைத்திருந்ததால் அது புத்தம்புதிதாக இருந்தது.

அவர் கண்ணைத் திறந்து தலையைத் திருப்பினார். வேறு யாரோ எதையோ கொண்டுவந்து தன் முன்னால் விரித்துவிட்டதுபோல அக்காவைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

"எந்திரிங்க. நேரமாச்சு" என்றார் அக்கா. டாக்டர் தாதியிடம் ஊசியைக் கழற்றச் சொன்னார்.

கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒழுங்கையில் மூட்டம் இறங்கியிருந்தது. சனம் காத்திருந்தது, மேளக்காரர் மடியில் கைவைத்துச் சும்மா இருந்தார். கதிர் உள்ளே போனது. அவர் கயிற்றைப் பிடித்தார். எவ்வளவு நேரம் பிடித்துவைத்தார் என்று தெரியாது. யாரும் இருமவில்லை. திரை விலகியது. விளக்கொளியில் அம்மன் கையில் ஒரேயொரு கதிர், ஒரு மணி குறைவாக. அதை விளக்க நான் யார்? நான் காட்டுகிறவனும் அல்ல. அன்றைக்கு அழுதவர்களில் ஒருவன், அவ்வளவுதான்.

கற்பூரம் அடங்கிய பிறகு குருக்கள் தட்டோடு எங்கள் பக்கம் வந்தார். வழக்கம்போல ஒரு நம்பிக்கையும் இல்லாமல் கேட்டார்.

"பேரு, நட்சத்திரம்?"

இரோபாந்தர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அவர் பக்கம் திரும்பிப் பார்க்காமல், அம்மனைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பெயரை இரண்டாம் முறை சொன்னார். குருக்கள் தட்டைக் கீழே போடாததுதான் அம்மனின் அருள்.

பிறகு நான் கொழும்புக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். இப்போதும் அவர் அங்கேதான் இருக்கிறார், வெள்ளிக்கிழமைகளில் திரை இழுக்கிறார், தெருவுக்கு இன்னும் இரோபாந்தர்தான். ஆயுளும் குறையவில்லை. வாசகர்கள் கடிதம் எழுதிக் கேட்பீர்கள் என்று தெரியும். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல அந்த வீட்டில் ஒருவர் இருக்கிறார்.